பொருள்: விமான விபத்தும் 200 டாலர் வசூலும்

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

விமான விபத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நம் குமாரின் மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 200 டாலர் கேட்டு வேலு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எழுதிய மடலையும், அவனுடைய கட்டுப் போட்ட கையைப் படமெடுத்துப் பாஸ்கர் மாமா அனுப்பியதையும், அதன் பிறகு வந்த பதில்களையும் படித்தேன். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து நராபிரைப் பக்கம் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், குமாரை நேரில் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பருத்தி எடுப்பதற்கு முன் இலையை உதிர்க்கும் மருந்தை இங்குள்ள பெரிய பண்ணைகளில் விமானத்திலிருந்து தெளிப்பார்கள். மருந்தைக் கலந்து விமானத்தின் தொட்டியில் ஏற்றுவதுதான் குமாரின் வேலை. அன்று முழுப் பாரத்துடன் மண் ஓடுதளத்திலிருந்து எழும்பிய விமானத்தின் ஒரே எஞ்சின் சற்று நேரத்தில் நின்றுவிட்டது. இவ்வகையில் பெரியதான ஏர் டிராக்டர் 802-இன் தொட்டி ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும். அத்தனை சுமையோடு, அத்தனை தாழ்வில், ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றால் விமானம் தலைகுப்புற விழ வாய்ப்பு அதிகம். இந்த விமானி திரும்பவில்லை. மருந்தைச் சில விநாடிகளில் கீழே கொட்டிவிட்டு, எதிரே இருந்த உழுத நிலத்தில் நேராக இறக்கினார். சக்கரங்கள் முறிந்தன, மூக்கு நசுங்கியது, ஆள் பிழைத்தார். எஞ்சினும் தொட்டியும் முன்னே, விமானி பின்னே உயரத்தில் என்று 1950-இல் அமெரிக்காவில் பிரெட் வைக் ஏஜி-1 விமானத்தை வடிவமைத்ததே மோதலின் அதிர்ச்சியை முன்பகுதி வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். விமானியை வெளியே இழுக்கும்போது சூடான புகைக்குழாயில் குமாரின் இடது கை பட்டுவிட்டது.

எரிபொருளில் தண்ணீர் இருந்ததைப் பையன் கவனிக்கவில்லை என்று மஸ்கட் அண்ணன் எழுதியிருக்கிறார். டர்பைன் எஞ்சின் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். எரிபொருளை அளந்து அனுப்பும் கருவி பழுதாகலாம், சுழலித் தகடு உடையலாம், பிரித்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம்கூட, 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதற்காக விபத்துகளை ஆராய்வதில்லை. பம்புசெட்டு விவகாரத்தில் குமாரின் தகப்பனாரோடு தீர்த்துக்கொள்ள வேண்டியதை மஸ்கட் அண்ணன் குமாரின் தலையில் இறக்க வேண்டாம்.

மருத்துவச் செலவுக்கு வசூல் தேவையில்லை. இந்த மாநிலத்தில் வேலையிடத்தில் அடிபட்டவருக்கு, தவறு யாருடையது என்று பாராமல், சிகிச்சைச் செலவையும் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான ஊதியத்தில் ஒரு பங்கையும் காப்பீடு தரவேண்டும். தற்காலிக விசாவில் வந்தவருக்கும் அது உண்டு. அவனுக்கு நெருக்கடி பேராவூரணியில் அடகு வைத்த அம்மாவின் நகைக்குக் கட்ட வேண்டிய வட்டிதான். கணக்கைக் காட்டாமல் புது வசூல் கூடாது என்று தங்கராசு மாமா சொல்வது சரியே. ஆனால் 2018 கஜா புயல் நிதியில் மீதி இருப்பதாகப் பொங்கலுக்கு எழுதியவரும் அவர்தானே? அதிலிருந்து அந்த வட்டியைக் கட்டி, ரசீதை இங்கே போடட்டும்.

வேலு அண்ணன் பேருந்து நிலையத்தில் வைக்கவிருக்கும் ஃப்ளெக்ஸை நிறுத்தும்படி குமார் கேட்டுக்கொள்கிறான். கை சுட்டது மட்டுமே அவன் அம்மாவுக்குத் தெரியும், விமானம் விழுந்தது தெரியாது. ஊரிலிருக்கும் உங்கள் வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
கீழத்தெரு முருகேசன்