கூர் – திரானோ – மிலான்: பனோரமா ரயிலில் இடமில்லை, அம்மாவுக்கு வளைவு ஆகாது. வேறு வழி உண்டா?

ஸ்டுட்கார்ட்வாசி:

வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜூன் இரண்டாம் வாரம் மிலானிலிருந்து அவர்களுக்குத் திரும்பும் விமானம். அதற்கு முன் ஒருநாள் ஆல்ப்ஸைக் குறுக்கே கடந்து காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். முதல்நாள் இரவு சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் தங்கல், காலையில் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கண்ணாடி ஜன்னல் சுற்றுலா ரயில், மதியம் இத்தாலி எல்லையில் திரானோ, மாலை மிலான்.

இப்போது பார்த்தால் எங்கள் தேதியில் பனோரமா பெட்டியில் மூன்று இடம் சேர்ந்தாற்போல் இல்லை. சரி, கார் எடுக்கலாம் என்று விசாரித்தேன். ஜெர்மனியில் எடுத்து இத்தாலியில் விடுவதற்கான டிராப் கட்டணம் வாடகையை விட அதிகம். அதையும் விடுங்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பத்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டவர் என் அம்மா. அப்பாவுக்கு மூட்டுவலி. கூடவே இரண்டு பெரிய சூட்கேஸ்.

தேதியை மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

தண்டவாளப் பைத்தியம்:

நண்பரே, இதில் பிரச்சினையே இல்லை. அந்தக் கண்ணாடி ரயில் போகும் அதே தண்டவாளத்தில் சாதாரண சிவப்பு ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகிறது. முன்பதிவு தேவையில்லை, டிக்கெட் மட்டும் போதும். கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு ஒரு ரயில், சுமார் இரண்டு மணி நேரம். அங்கே மாறி திரானோவுக்கு இன்னொன்று, இரண்டரை மணி நேரத்துக்குள். பாலம், பனி, ஏரி எல்லாம் ஒன்றுதான். என்னைக் கேட்டால் இதுதான் மேல். பனோரமா பெட்டியின் கண்ணாடி திறக்காது, எடுக்கிற படத்திலெல்லாம் எதிர் சீட்டுக்காரரின் சட்டை தெரியும். பெர்னினா தடத்து சாதாரண ரயிலின் பழைய பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிடலாம்.

கூரிலிருந்து போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். பிலிசூர் வருவதற்குச் சற்று முன் லாண்ட்வாசர் பாலம், 65 மீட்டர் உயரம். வளைந்தபடியே போய் நேராகப் பாறைச் சுவருக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழையும். வளைவில் இருக்கும்போது முன்னால் எஞ்சின் மலைக்குள் மறைவது உங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். கைபேசியை அப்போது தேடாதீர்கள், அதற்குள் முடிந்துவிடும்.

அப்புறம் பெர்னினா. ஒஸ்பிட்ஸியோ பெர்னினா நிலையம் 2253 மீட்டர், திரானோ 429 மீட்டர். இவ்வளவு இறக்கமும் பல்சக்கரம் இல்லாமல்! நம் நீலகிரி ரயிலுக்கு 12-க்கு 1 (சுமார் 8 சதவீதம்) என்ற ஏற்றத்தில் பல்தண்டவாளம் வேண்டியிருக்கிறது. இது 7 சதவீதச் சரிவில் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறி இறங்குகிறது, 1910-இலிருந்து. ரயில் மெதுவாகத்தான் போகும். பேருந்துபோல் வெட்டி வெட்டித் திரும்பாது. அம்மாவைப் போகும் திசை பார்த்து உட்கார வையுங்கள், வயிற்றைக் காலியாக விடவேண்டாம்.

வளைவுராஜா:

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் கார் என்றாலே பயப்படவும் வேண்டாம். கூரிலிருந்து யூலியர் கணவாய் (2284 மீட்டர்), பிறகு பெர்னினா கணவாய் வழியாகவே திரானோ போகலாம். ஜூனில் இரண்டும் திறந்திருக்கும். ஸ்டெல்வியோ கணவாய்ப் பக்கம் மட்டும் ஆசைப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். 2757 மீட்டர், ஒரு பக்கம் மட்டுமே 48 கொண்டை ஊசி. நான் போன அன்று மலை எதையும் பார்க்கவில்லை, முன்னால் போன சைக்கிள்காரரின் முதுகைத்தான் பார்த்தேன். ஜெர்மன் காரென்றால் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை (ஸ்டிக்கர்) 40 ஃப்ராங்க், ஒருநாளுக்கென்று தனியாகக் கிடையாது.

தண்டவாளப் பைத்தியம்:

இதைத்தான் நானும் சொல்கிறேன், ஓட்டுகிறவருக்கு மலை கிடையாது.

சூரிச் அக்கா:

தம்பி, நான் இங்கே இருபது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் இந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போய் எனக்கு நிலையங்களின் பெயரெல்லாம் மனப்பாடம். முதலில், Chur என்பதை 'சுர்' என்று சொல்லாதீர்கள், ஒருவருக்கும் விளங்காது. கூர்.

சலுகை விலைப் பயணச்சீட்டை எடுக்க வேண்டாம். அது குறித்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். சாதாரண பயணச்சீட்டு என்றால் நடுவில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். அல்ப் குரூமில் இறங்குங்கள். அங்கே வாகனப் பாதையே இல்லை, ரயிலிலோ நடந்தோதான் வரவேண்டும். நிலையக் கட்டடத்திலேயே உணவகம் இருக்கிறது, எதிரே பாலூ பனிப்பாறை. அப்பா மலை ஏறத் தேவையில்லை, வாங்கிலில் (பெஞ்சில்) இருந்தபடியே பார்க்கலாம். பெட்டிகள்தான் தொல்லை. முதல்நாளே ஒரு சிறு பையில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரித்து வையுங்கள்.

அல்ப் குரூமுக்குச் சற்று முன்னே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரி வரும். லேய் நாயிர் கறுப்பு ஏரி, லாகோ பியாங்கோ வெள்ளை ஏரி. பனிப்பாறை அரைத்த மாவு கலந்து பால் போலிருக்கும். கறுப்பு ஏரித் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, வெள்ளை ஏரித் தண்ணீர் இத்தாலியின் போ (Po) ஆற்றில் விழுந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. எங்கள் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "ஒரு வீட்டில் பிறந்து வேறு வேறு ஊருக்கு வாக்கப்பட்ட மாதிரி" என்றா.

கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். இரண்டும் ஷெங்கன் நாடுதான், விசா ஒன்றே போதும். ஆனால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, சுங்கக்காரர் ஏறிப் பார்ப்பதுண்டு.

மிலான் வழிப்போக்கன்:

திரானோவிலிருந்து ஒரு எச்சரிக்கை. சிவப்பு ரயில் வந்து நிற்கும் நிலையமும் இத்தாலி நிலையமும் தனித்தனி, ஆனால் பக்கத்திலேயே. சுவிஸ் பயண பாஸ் வைத்திருந்தால் அது திரானோவோடு முடிந்தது, மிலானுக்குத் தனி டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். நான் குத்த மறந்தேன். பரிசோதகர் வந்தபோது டிக்கெட்டை நீட்டிக்கொண்டே அபராதம் கட்டினேன்.

மிலானுக்கு இரண்டரை மணி நேரம். கோலிக்கோ தாண்டியதும் கோமோ ஏரி வலப்பக்கம். கோடையில் தண்டவாள வேலை என்று சில பகுதிகளில் பேருந்து விடுவார்கள், முதல்நாள் இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சைவமென்றால் திரானோவில் பிட்ஸோக்கேரி கேளுங்கள். பக்வீட் (buckwheat) என்ற கருநிற மாவில் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்துச் செய்த பட்டையான பாஸ்தா, உருளைக்கிழங்கு, கோஸ், வெண்ணெய், சீஸ். ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம்.

ஸ்டுட்கார்ட்வாசி:

போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி.

அல்ப் குரூமில் இறங்கினோம். அம்மா கூரிலேயே கட்டிக்கொண்ட எலுமிச்சை சாதத்தை வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து பிரித்தார், பனிப்பாறையைப் பார்த்துக்கொண்டே. ஊறுகாய் தீர்ந்ததைத் தவிர வேறு குறையில்லை. புரூசியோவில் ரயில் வட்டமாகச் சுற்றி ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்தபோதுதான் லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். ஜன்னலை இறக்கியதும் சரியாகிவிட்டது. அந்தக் காற்றுக்காகவே பனோரமா கிடைக்காதது நல்லதாகப் போயிற்று.

திரானோவுக்குள் ரயில் கோயில் முன்னால் தெருவிலேயே போகிறது, கார்கள் நின்று வழிவிடுகின்றன. இதை யாரும் சொல்லவில்லையே! டிக்கெட்டில் முத்திரையும் குத்தினோம். கோமோ ஏரிக்கென்று அப்பாவுக்கு வலப்பக்க ஜன்னலைப் பிடித்து வைத்தேன். கோலிக்கோவில் கண் மூடியவர் மிலானில்தான் விழித்தார்.