கத்திரி வெயிலில் பன்றிகள்: தாங்கும் திறன் மரபில் வருகிறதா?

செங்கல்பட்டுப் பண்ணையாளர்

ஆறு ஆண்டுகளாகப் பன்றி வளர்க்கிறேன். தூய வெள்ளை யார்க்ஷயர் தாய்ப்பன்றிகளும், காட்டுப்பாக்கத்தில் உருவாக்கப்பட்ட டானுவாஸ் கேபிஎம் கோல்டு வகையும் ஒரே கொட்டிலில், ஒரே தீவனத்தில் இருக்கின்றன. பின்னதில் முக்கால் பங்கு யார்க்ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி.

சென்ற ஆண்டு கத்திரி வெயிலின்போது, குட்டி ஈன்று பத்து நாள்களே ஆன இரண்டு தாய்கள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. பிற்பகல் 2 மணிக்கு யார்க்ஷயரின் விலா எழுந்து தாழ்வதை எண்ணினேன். நிமிடத்துக்கு நூறைத் தாண்டியது, மலக்குடல் வெப்பம் 40.6 டிகிரி செல்சியஸ். கலப்பினத் தாய்க்கு மூச்சும் அறுபதைத் தாண்டவில்லை, வெப்பமும் 39.7 டிகிரியில் நின்றது. மாலையில் பார்த்தால் யார்க்ஷயரின் தொட்டியில் பாதித் தீவனம் அப்படியே கிடந்தது. பால் போதாமல் அதன் குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளப் பன்றியால் இயலாது என்பதால், மூச்சிரைப்பதும் ஈரத்தில் புரள்வதும் பலிக்காதபோது, தீவனத்தைக் குறைத்து உள்ளே உண்டாகும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன். நாட்டு இரத்தத்தில் இதற்கென ஒரு மரபணு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஒரு கால்நடை மருத்துவர்

ஒற்றை மரபணுவின் வேலையை நான் நேரில் கண்டது ஒரே முறைதான். அது தாங்கும் திறனைப் பற்றியதன்று, தாங்காமையைப் பற்றியது. கோடைக்காலத்தில் லேண்ட்ரேஸ் கலப்புப் பன்றிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல சதைப்பிடிப்பான ஒன்று திடீரென வால் நடுங்கி, கால்கள் விறைத்து, உடல் கொதிக்கச் சாய்ந்து, சில நிமிடங்களில் இறந்துவிட்டது. இறைச்சியை அறுத்துப் பார்த்தபோது வெளிறி, தளர்ந்து, நீர் கசிந்தது. மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியதில் ஹாலோதேன் மரபணு என்ற குறைபாடு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து, இரட்டையாக இருப்பது உறுதியானது.

தசைச் செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ரையனோடின் ஏற்பிப் புரதத்தில், 615ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் அமர்ந்துவிடுவதே இதன் காரணம் என்று 1991இல் கண்டறிந்தார்கள். கதவு மூடாததால் தசை ஓயாமல் சுருங்கி, சூட்டைப் பெருக்குகிறது. பியட்ரெய்ன் போன்ற இனங்களில் இது பரவியதற்கு, கொழுப்புக் குறைந்த, சதை மிகுந்த விலங்குகளையே மனிதர்கள் தேர்ந்தெடுத்து வந்ததுதான் காரணம். நோயோடு சேர்ந்து அந்தச் சதைப்பிடிப்பும் வந்தது.

வெப்பம் தாங்குவது இப்படி ஓரிடத்தில் அடங்கியதன்று. பசியின் அளவு, தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம், சூட்டில் செல்களைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப் பலவும் சேர்ந்த குணம் அது. சிறு சிறு விளைவுள்ள பல மரபணுக்கள் அதில் பங்கு கொள்கின்றன. இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: உங்கள் கலப்பினத் தாய் எத்தனை குட்டிகளுக்குப் பால் கொடுத்தது? பால் சுரப்பதே பெருஞ்சூட்டை உண்டாக்கும் வேலை. குறைவாகச் சுரப்பதால் உடல் குளிர்ச்சியாக இருந்தால், அதைத் தாங்கும் திறன் என்று சொல்லலாமா?

செங்கல்பட்டுப் பண்ணையாளர்

கலப்பினத்துக்கு எட்டு குட்டிகள், யார்க்ஷயருக்குப் பதினொன்று. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனவிருத்தி பயின்ற ஒரு மாணவர்

மருத்துவர் எழுப்பிய ஐயத்தைத் தீர்க்க, இனத்தோடு இனத்தை ஒப்பிடாமல் ஓர் இனத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும். கரீபியன் கடலிலுள்ள குவாதலூப்பில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். அங்கே வெயிலில் பாலூட்டும் லார்ஜ் ஒயிட் (வெள்ளை யார்க்ஷயர்) தாய்களின் மலக்குடல் வெப்பத்தை அளந்து, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி மரபுவழி வருவதைக் கணித்தார்கள். உள்ளூர் கிரியோல் பன்றியோடு கலந்த குட்டிகளையும் அவர்கள் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள்.

எங்கள் குடும்பப் பண்ணையில் இரண்டு கோடைகளாக, குட்டிகளின் எண்ணிக்கை சமமாக உள்ள யார்க்ஷயர் தாய்களின் வெப்பத்தை மட்டும் குறித்து வருகிறேன். ஒரு தாய், பத்து குட்டிகளுக்குப் பால் கொடுத்தும், இரண்டு ஆண்டும் 39.8 டிகிரியைத் தாண்டவில்லை; தொட்டியையும் காலி செய்துவிடுகிறது. அதன் இரண்டு பெண் குட்டிகளை விற்காமல் நிறுத்தியிருக்கிறோம். வரும் மே மாதத்தில் அவை முதன்முறையாக ஈனும். அளவுகளை இங்கேயே பதிகிறேன்.