மூன்று கரண்டிக்கு ஒரு டப்பா

வாட்ஸ்அப் குழு: வேலந்தாவளம் வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 6.52
அம்மா: நாட்டுக்கோழி வாங்கியாகிவிட்டது. குழம்பு வைத்து, தூக்குப்போசியில் ஊற்றி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மதியம் வந்து சேர்ந்துவிடுவான்.

நான்: அம்மா, குழம்பு வேண்டாம். போன வாரம் பட்டது போதும்.

அம்மா: ஏழு வாரமாகக் கஞ்சித் தண்ணீரிலேயே கிடந்தால் உடம்பு என்ன ஆகும் கண்ணு? போன முறை பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

6.59
நான்: கஞ்சித் தண்ணீரில் இல்லை அம்மா. முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, இப்போதுதான் மென்மையான உணவுக்கு வந்திருக்கிறேன். எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நேந்திரம் பழம் போல ஒரு குழாய். அதில் மூன்று கரண்டிதான் கொள்ளும்.
போன வாரம் விருந்தில் ஆசையாக ஒரு துண்டு நெஞ்சுக்கறி வைத்தார்கள். மறுக்க மனம் வரவில்லை, சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல அடைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் கிணற்றடியில் நின்றேன். வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறிக்கொண்டே இருந்தது. அது வெளியே வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அம்மா: இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நான்: நீங்கள் அழுவீர்கள் என்றுதான்.

7.05
அண்ணி: அத்தை, அவளுக்குக் கறி ஆகாது என்பது இல்லை. கறி எப்படி வெந்திருக்கிறது என்பதுதான் விஷயம். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரண்ட் சட்டி, நான் கொடுத்த ஸ்லோ குக்கர், அதில் அவள் செய்வது நன்றாகவே இறங்குகிறது. நீயே சொல் அம்மணி, சித்தி மகளுக்கும் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அவளும் படிக்கட்டும்.

சித்தி மகள்: சொல்லுங்கள் அக்கா, நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

7.21
நான்: தொடைக்கறி, எலும்பில்லாமல் 400 கிராம். நெஞ்சுக்கறி வேண்டாம், அது நேரம் கூடினால் பஞ்சு போல வறண்டுவிடும். தொடையில் உள்ள சவ்வு மெல்ல உருகிக் கூழாகி, கறியை ஈரமாக வைத்திருக்கும். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி ஒன்று, மஞ்சள், மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, சீரகமும் மிளகும் கொஞ்சம். வற்றல் மிளகாய் இப்போதைக்கு இல்லை. தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் ஊற்றாதே. மூடிக்குள் ஆவி அப்படியே நிற்கும், வற்றவே வற்றாது. ‘லோ’வில் ஐந்து, ஆறு மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது, ஒரு முறை திறந்தால் இருபது நிமிடமாவது பின்தங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போடாதே, உறை முழுதும் இளகிய பிறகுதான்.
வெந்த பின் விரலால் தொட்டாலே நார்நாராகப் பிரியும். அதை அந்தச் சாற்றிலேயே பிசைந்து, ஆறியதும் கெட்டித் தயிர் ஒரு கரண்டி கலக்கிறேன். தயிரை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். சின்ன டப்பாக்களில் பிரித்து, நாளைக்கும் மறுநாளைக்கும் கீழே, மற்றதை ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

7.30
சித்தப்பா: குக்கரில் நான்கு விசில் விட்டால் ஆகாதா? இதற்கென்று ஒரு நாள் முழுக்கக் கரண்டைச் செலவழிக்க வேண்டுமா?

நான்: பருப்புக்குக் குக்கர்தான் நல்லது சித்தப்பா, நானும் அதில்தான் வைக்கிறேன். கறிக்கு மட்டும் இது. என்னுடையது 200 வாட், ஆறு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். காலையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன், வரும்போது வெந்திருக்கிறது. நின்று சமைத்தால் வாசனையிலேயே எனக்குக் குமட்டுகிறது, பிறகு எதுவும் இறங்காது.

7.34
பெரியம்மா: புரட்டாசி வந்தால் என்ன செய்வாய்? கொள்ளு வேகவைத்துக் கடைந்து கொடுத்தால் ஆகாதா?

நான்: கொள்ளு நல்லது பெரியம்மா. இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போடுகிறேன். ராஜ்மாவுக்கு இது கட்டாயம். பச்சை ராஜ்மாவில் ஒரு நஞ்சு உண்டு, ஸ்லோ குக்கரின் சூட்டில் அது முழுதாக அழியாது. ஊறவைத்து, தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலை இல்லை.
புரட்டாசிக்கு மீல்மேக்கர் இருக்கிறது. காய்ந்தது 50 கிராமில் 25 கிராம் புரதம். கொத்துக்கறி போலப் பொடியாக்கி வேகவைத்தால் மூன்று, நான்கு வேளைக்கு வரும். பனீரைக் கடைசி இருபது நிமிடத்தில் உதிர்த்துப் போட்டால் போதும்.

7.41
அண்ணன்: ஒரு நாளைக்கு 60 கிராம் என்று சொன்னாயே. 60 கிராம் கோழி ஒரு கைப்பிடிதானே, அதற்கா இத்தனை பாடு?

நான்: அண்ணா, 60 கிராம் கோழி இல்லை, 60 கிராம் புரதம். வெந்த கறி 50 கிராம் தின்றால் 13 கிராம்தான் சேரும். நேற்று என் கணக்கு: காலையில் ஒரு டம்ளர் பாலில் புரதப் பொடி, 26. பத்தரைக்கு ஒரு முட்டை, 6. மதியம் கோழி 13. நான்கு மணிக்குத் துணியில் கட்டி வடித்த தயிர், 8. இரவு பனீர் 50 கிராம், 9. மொத்தம் 62. தட்டில் முதல் வாய் புரதம்தான், சோறு அப்புறம். பெரும்பாலும் சோற்றுக்கு இடம் இருக்காது.
சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்துத்தான். டம்ளரைக் கையெட்டும் தூரத்தில் வைத்தால் பழக்கத்தில் கை போய்விடுகிறது. அதனால் மேசையிலேயே வைப்பதில்லை.

சித்தி மகள்: முடி கொட்டும் என்கிறார்களே அக்கா? எனக்கு அதுதான் பயம்.

நான்: மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டலாம் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதம் குறைந்தால் இன்னும் கொட்டும், அதனால்தான் இப்படிக் கணக்குப் பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதே, நடுவில் இரண்டு மணி நேரம் விடு. உன் டாக்டர் சொல்லும் அளவுதான் உனக்கு, என்னுடையதைப் பார்த்து அப்படியே செய்யாதே.

7.55
அண்ணி: கரண்ட் போன கதையையும் சொல்லிவிடு.

நான்: ஆமாம். செவ்வாய்க்கிழமை மழையில் பதினொன்று முதல் இரண்டரை வரை கரண்ட் இல்லை. டிஜிட்டல் குக்கர், கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. மாலை வந்து பார்த்தால் கறி வெதுவெதுப்பாகப் பாதி வெந்து கிடந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

பெரியம்மா: அரைக் கிலோ கறியையா கொட்டினாய்! திரும்பக் கொதிக்கவிட்டிருக்கலாமே.

நான்: மனசு வலிக்கத்தான் செய்தது பெரியம்மா. வெதுவெதுப்பில் அத்தனை நேரம் கிடந்தால் கிருமி பெருகிவிடும். சில கிருமிகள் விடும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் போகாது. தையல் போட்டு ஏழு வாரம்தான் ஆன வயிறு இது.

8.10
அம்மா: எங்கள் ஆத்தா விறகடுப்பில் சமையல் முடிந்ததும் தணலைக் கூட்டி, மண்சட்டியில் பாலை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் பால் சிவந்து, மேலே ஆடை விரல் கனத்துக்கு நிற்கும். நீ சொல்கிற குக்கர் அதைத்தானே செய்கிறது?

நான்: அதேதான் அம்மா.

அம்மா: அப்படியானால் இந்தக் கோழியையும் தணலில் வைக்கிறேன். நாட்டுக்கோழி முரடு, பொழுது சாயும்வரை ஆகும். அண்ணனை மதிய பஸ்ஸில் அனுப்பவில்லை, சாயங்காலம் வரச் சொல்கிறேன்.

நான்: காரம் வேண்டாம் அம்மா. எண்ணெயும் கொஞ்சமாக. சட்டி சூடு ஆறாமல் ஓரத்தில் கொதி தெரிந்துகொண்டே இருக்கட்டும்.

மாலை 5.47
அம்மா: (படம்)

அண்ணி: அத்தை, இது அவள் ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோன எவர்சில்வர் டப்பா அல்லவா? மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது.

அம்மா: ஆமாம். பரணில் இருந்தது. தூக்குப்போசியில் ஊற்றினால் கை தானாக நிறைத்துவிடுகிறது. இதில் சரியாக மூன்று கரண்டிதான் பிடிக்கிறது. எலும்பு ஒன்றுகூட இல்லாமல் இரண்டு முறை விரலால் துழாவிப் பார்த்துவிட்டேன். மிளகாய் போடவில்லை. அண்ணன் பஸ் ஏறிவிட்டான்.

நான்: ஏழு மணிக்குச் சாப்பிடுகிறேன் அம்மா. சாப்பிட்டதும் அழைக்கிறேன்.

அம்மா: மெதுவாக மென்று தின்னு கண்ணு. நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.