கிராந்த் ஷலூப் கல்பாதை: நம் முன்னோர் போட்டது என்று யார் சொன்னது?

மலைக்கால்
சென்னையிலிருந்து நம் ரெயூனியன் தீவுக்கு வரும் ஓட்டக்காரர்களுக்காக கொலோஸ் செல்வன் போன வாரம் இங்கே ஒரு பட்டியல் போட்டிருந்தார். சிலாவோஸ் பக்கம் தாயிபித் கணவாய் ஏறி மார்லா, அங்கிருந்து லா நூவெல், இரண்டும் மஃபாத் மலைப் பள்ளத்துக்குள் இருக்கும் கிராமங்கள். மைதோவிலிருந்து ரோஷ் பிளாத் இறக்கம். கடைசியில் லா பொசெஸ்யோனிலிருந்து கிராந்த் ஷலூப் வழியாக சென்-தெனி பக்கம் போகும் ஆங்கிலேயர் பாதை. முதல் இரண்டைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. மூன்றாவதுக்குக் கீழே அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “இந்தக் கல் ஒவ்வொன்றும் கப்பலில் வந்த நம் முன்னோர் கையால் பதித்தது. தமிழன் இங்கே ஓடாமல் ஊர் திரும்பக் கூடாது.”

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கிரெமோன் நிர்வாகியாக இருந்த காலத்தில், 1775 வாக்கில் கல் பாவிய பாதை அது. கிராந்த் ஷலூப்பில் லாசரே, அதாவது கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்து வைத்த இடம், 1860-ஐ ஒட்டித்தான் எழுந்தது. நடுவில் 85 வருடம். நம்மவர்கள் கூலிகளாக அந்தக் கரையில் கால் வைத்தபோது கல் ஏற்கெனவே அங்கே கிடந்தது. போட்டவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள். அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. செய்த வேலையையுமா நாம் எடுத்துக்கொள்வது?

கொலோஸ் செல்வன்
வணக்கம் பேராசிரியரே. ஓடுகிறவர்களுக்கு வழி சொல்ல எழுதிய பட்டியல் அது, தேர்வுத்தாள் இல்லை. என் பாட்டியின் பாட்டி கிராந்த் ஷலூப்பில் இறங்கியவர். அந்தக் கல்லின் மேல் நடந்துதான் வெளியே வந்தார் என்று எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

மலைக்கால்
நடந்தார் என்றால் சரி. போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1775.

சிலாவோஸ் மருமகள்
அண்ணன்மார்களே, ஒரு சின்னக் கேள்வி. என் கொழுந்தனார் திருச்சியிலிருந்து வருகிறார், அக்டோபர் கடைசி. ஊரில் தார் ரோட்டில் ஓடிப் பழகியவர். இந்தக் கல்பாதைக்கு எந்த மாதிரி ஷூ சரி? மழை பெய்தால் வழுக்குமா?

போர்லூயி பாண்டியன்
மலைக்கால், பாதி வரலாற்றைப் படித்துவிட்டு முழு வரலாறு பேசாதீர்கள். அடிமைகள் என்றால் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் மட்டும்தானா? 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவிலிருந்தும் அடிமைகளை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். லபூர்தொனே கவர்னராக இருந்த காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் மொரீஷியஸில் எங்கள் போர்லூயிக்கு வந்து வேலை செய்தார்கள். உங்கள் தீவும் அப்போது அதே நிர்வாகத்தின் கீழ்தான். 1775-இல் அந்தப் பாதையில் ஒரு தமிழன் கைகூடப் படவில்லை என்று எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?

கொலோஸ் செல்வன்
அப்படிப் போடுங்கள் பாண்டியன் ஐயா!

மலைக்கால்
ஒரு கைகூடப் படவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? செல்வன் எழுதியது “ஒவ்வொன்றும்”. “கப்பலில் வந்த நம் முன்னோர்” என்று அவர் சொல்வது லாசரேயில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளை. அடுத்த வரியிலேயே லாசரே படம் போட்டிருக்கிறாரே. இந்தியக் கூலிகள் இங்கே முதலில் வந்தது 1828, அதுவும் ஏனாமிலிருந்து. பெரிய அளவில் வந்தது 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க ஒப்பந்தம் ஆனது 1860. எந்தக் கணக்கைப் போட்டாலும் கல்லுக்குப் பின்னால்தான்.

அப்புறம், 1810 ஜூலையில் ஆங்கிலேயப் படை கிராந்த் ஷலூப்பில் இறங்கி இதே பாதையில் சென்-தெனிக்குப் போனது. அதற்காக ஆங்கிலேயர் போட்டார்கள் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நடந்தவன் எல்லாம் போட்டவன் ஆகிவிடுவான் போலிருக்கிறது.

புதுவை ஓடி
சிலாவோஸ் அக்கா, யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். காய்ந்திருந்தால் பிரச்சினை ஷூ இல்லை, கால் வைக்கும் முறை. கல் எல்லாம் எரிமலைப் பாறை, ஒன்று உயரம் ஒன்று பள்ளம், இரண்டுக்கும் நடுவில் பாதம் நுழையும் இடைவெளி. முன்னால் மூன்று கல் பார்த்து ஓட வேண்டும். குதிகால் ஊன்றினால் கணுக்கால் போயிற்று. நனைந்தால் பாசி பிடித்த அம்மிக்கல் மாதிரி, ஓடவே வேண்டாம், நடக்கச் சொல்லுங்கள். நுனியில் ஒரு விரல் இடம் விட்டு ஷூ வாங்குங்கள், இல்லாவிட்டால் கிராந்த் ஷலூப் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது வறண்ட காடு, மஃபாத் மாதிரி குளிர்ச்சி இல்லை. தண்ணீர் கையோடு எடுத்துப் போகட்டும்.

கொலோஸ் செல்வன்
அதே பாதையில் ஓடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் லாசரே வாசலில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. காதில் பாட்டு, கையில் கடிகாரம். அவர்கள் எனக்கு வரலாறு சொல்லித் தருகிறார்கள்.

மலைக்கால்
யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. கிராந் ரெய்ட் மலை ஓட்டப் பந்தயத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டு அந்த வாசலைக் கடக்கிறவனை நின்று கும்பிடச் சொல்கிறீர்களா? சென்-பியேரில் கிளம்பி, சிலாவோஸ், மஃபாத் எல்லாம் தாண்டி, மொத்தம் 10,000 மீட்டர் அளவுக்கு ஏறி, கடைசியில் வருவது இந்தக் கல். தொடை இரண்டும் செத்துப் போயிருக்கும். கிராந்த் ஷலூப்பில் கடல் மட்டத்துக்கு வந்து, மறுபடி சென்-பெர்னார் வரை அதே கல்லில் ஏறி, அப்புறம் கொலொராதோ, அப்புறம் வேரும் உதிரிக் கல்லுமாக, பந்தயம் முடியும் லா ரெதூத் அரங்குக்கு இறக்கம். நான் ஒவ்வொரு கல்லையும் காலால் எண்ணியவன். பட்டியல் எழுதுகிறவருக்கு அது தெரியாது.

கொலோஸ் செல்வன்
தெரியும் தம்பி. லா ரெதூத் அரங்கில் நீங்கள் வந்து விழுந்தபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது யார்? மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை.

மலைக்கால்
தண்ணீருக்கு நன்றி அப்போதே சொன்னேன். அது கல்லின் வயதைக் குறைக்காது.

போர்லூயி பாண்டியன்
கிராந் ரெய்ட் பெருமை ஆரம்பித்துவிட்டது. இந்த ரெயூனியன் ஆட்களிடம் எதைப் பேசினாலும் இரண்டாவது பதிலில் அது வந்துவிடும்.

மலைக்கால்
1989-இலிருந்து நடக்கிறது, ஸ்பெயின் மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னே 2010-லும் 2012-லும் வந்து ஜெயித்த பந்தயம். பெருமைப்படாமல் என்ன செய்வது? உங்கள் தீவின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர். எங்கள் பித்தோன் தே நேஜ் 3,071. ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

போர்லூயி பாண்டியன்
உயரத்தை வைத்தா மரியாதை? எங்கள் லெ மோர்ன் 556 மீட்டர்தான். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை அது. 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006-லேயே ஆயிற்று. உங்கள் மலைகள் பட்டியலுக்கு வந்தது 2010. அதுவும் இயற்கைக்காக. உங்கள் லாசரே இன்னும் வரவில்லை. முன்னோரை மதிக்கிறவர்கள் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொலோஸ் செல்வன்
பாண்டியன் ஐயா, என் பக்கம் பேச வந்து என் தீவையே இறக்கிப் பேசுகிறீர்களே. லாசரேயைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பழைய ரயில் நிலையமும் நீராவி எஞ்சினும் இருக்கின்றன. வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிலாவோஸ் மருமகள்
நன்றி புதுவை ஓடி தம்பி. இன்னொன்று. தாயிபித் வழியாக மார்லா போய் அன்றைக்கே திரும்பிவிட முடியுமா? கணவாய் 2,000 மீட்டருக்கு மேல் என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது, பார்க்கவே மூச்சு முட்டுகிறது.

புதுவை ஓடி
முடியும் அக்கா. இலே-ஆ-கோர்த் போகும் ரோட்டில் பாதை தொடங்கும் இடம் வரை வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். ஏற்றத்தில் பாதி வழியில் மூலிகைத் தேநீர் விற்கும் குடிசை வரும், சில்லறை வைத்துக்கொள்ளட்டும். மேலே போனதும் காற்று அடிக்கும், சட்டை மாற்றச் சொல்லுங்கள். மதியத்தில் மேகம் மூடிவிடும், அதற்குள் கணவாயைத் திரும்பத் தாண்டிவிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். மார்லாவிலும் லா நூவெலிலும் பாதை வீட்டு வாசல் வழியாகப் போகும். அங்கே ரோடு கிடையாது, அரிசி மூட்டைகூட ஹெலிகாப்டரில் வர வேண்டும். ஓட்டக்காரர்கள் ஜெல் பாக்கெட்டைக் கிழித்து வேலியோரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். லா நூவெலில் ஒரு பெண்மணி அதையெல்லாம் பொறுக்கி வாளியில் போட்டு வாசலிலேயே வைத்திருந்தார். கேட்டால், எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றார்.

மலைக்கால்
மஃபாத் என்ற பெயரே தப்பி ஓடி மலைக்குள் வாழ்ந்த ஒருவனுடையது. அடிமை வேட்டைக்காரன் முசார் அவனை 1751-இல் கொன்றான். செல்வனின் பட்டியலில் மஃபாத்துக்குக் கீழே இதைப் பற்றி ஒரு சொல் உண்டா? “அழகான கிராமங்கள், நல்ல சாப்பாடு.” அவ்வளவுதான். அடிமைகள் உருவாக்கிய ஊருக்கு வரலாறே இல்லை. அடிமைகள் போட்ட கல்லுக்கு நம் பெயர். இதைத்தான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன், யாரும் பதில் சொல்லவில்லை.

கொலோஸ் செல்வன்
இவ்ரின் போஸே பற்றியும்தான் எழுதவில்லை. 1951-லிருந்து 40 வருடம் மஃபாத் முழுக்கக் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த தபால்காரர். எல்லாவற்றையும் எழுத அது என்ன கலைக்களஞ்சியமா? நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: நம் பிள்ளைகள் இந்தத் தீவில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று நினைக்க வேண்டும். தமிழ் பேச வராத பிள்ளை அந்தக் கல்லில் ஓடும்போதாவது நினைக்கட்டும். அதை வந்து உடைக்கிறீர்கள்.

மலைக்கால்
பொய்யான கல்லை வைத்துத்தான் பிள்ளைக்கு இடம் காட்ட வேண்டுமா? லாசரே இருக்கிறது. அங்கே இறந்தவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. கரும்புத் தோட்டம் இருக்கிறது. உங்கள் சென்-ஆந்த்ரேயில் கோயில் இருக்கிறது. அதெல்லாம் நம்முடையதுதான், யாரும் கேட்க மாட்டார்கள். கல் அவர்களுடையது. அந்த அடிமைகள் வழிவந்த கிரியோல் நண்பன் ஒருவனை ஓடக் கூட்டிப்போய் உங்கள் வரியைப் படித்துக் காட்டினால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அந்த வரியை எடுங்கள்.

கொலோஸ் செல்வன்
எடுக்க மாட்டேன்.

போர்லூயி பாண்டியன்
எடுக்க வேண்டியதில்லை. “ஒவ்வொன்றும்” என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

கொலோஸ் செல்வன்
நீங்கள் சொல்லி நான் மாற்ற வேண்டுமா? 828 மீட்டரிலிருந்து பேசாதீர்கள்.

போர்லூயி பாண்டியன்
இப்போது நீங்களுமா! ஆதரித்ததற்கு நல்ல மரியாதை.

சிலாவோஸ் மருமகள்
கொழுந்தனார் இதையெல்லாம் படித்துவிட்டு, லா பொசெஸ்யோனிலிருந்து ஓடுவதா, சென்-தெனியிலிருந்து ஓடுவதா என்று கேட்கிறார்.

மலைக்கால்
லா பொசெஸ்யோனிலிருந்து. கிராந் ரெய்ட் போகும் திசை அதுதான்.

கொலோஸ் செல்வன்
சென்-பெர்னாரிலிருந்து இறங்கி வரச் சொல்லுங்கள் அம்மா. லாசரே சீக்கிரம் வந்துவிடும், கால் வலிப்பதற்கு முன் நின்று பார்க்கலாம். நான் வந்து கூட்டிப்போகிறேன்.

மலைக்கால்
கூட்டிப்போய் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நானும் வருகிறேன்.