சிக்கன் ஸ்டிர் ஃப்ரை: குறைக்க வேண்டியது எண்ணெயா, சாஸா?

அடுப்பங்கரை:
வீட்டில் இரண்டு பிள்ளைகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் மாமனார். கடையில் வாங்கும் சில்லி சிக்கனுக்குப் பதிலாக, கோழியைக் காய்கறிகளோடு வீட்டிலேயே வதக்கித் தரப்போகிறேன். நெஞ்சுக்கறி மட்டும், நான்ஸ்டிக் சட்டி, ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய். சுவைக்கு சோயா சாஸும் சில்லி சாஸும் தாராளமாக. எண்ணெயைக் குறைத்தாலே பாதிக் கெடுதல் போய்விடும் என்பது என் கருத்து.

உப்புக்கணக்கு:
அக்கா, ரத்த அழுத்தம் என்று சொல்லிவிட்டு சோயா சாஸ் தாராளமாக என்கிறீர்களே! ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில்லி சாஸில் உப்போடு சர்க்கரையும் உண்டு. எண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. ஐந்து பேர் சாப்பிட்டால் தலைக்கு 24. இதற்குப் போயா இவ்வளவு அச்சம்?

அடுப்பங்கரை:
ஒரு கரண்டி என்று தொடங்கினால் ஒரு கரண்டியோடு நிற்பதில்லை, தம்பி. கடையில் எண்ணெய் மிதக்கத்தானே தருகிறார்கள்? சாஸையும் குறைத்துவிட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

சீனச்சட்டி:
தள்ளமாட்டார்கள். இந்தச் சமையலின் சுவை தீயில் இருக்கிறது, புட்டியில் இல்லை. நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டி, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு தேக்கரண்டி சோள மாவும் பிசிறி இருபது நிமிடம் வையுங்கள், வறண்டு போகாது. இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு ஒன்றரை மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றுங்கள். கறியை இரண்டு தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, நீர் விட்டு, கறி வதங்காமல் வேகத் தொடங்கிவிடும். பிறகுதான் எல்லோரும் சாஸைத் தேடுகிறார்கள்! உள்ளே சிவப்பு இல்லாமல் வெந்ததும் கறியை எடுத்துவிட்டு, அதே சட்டியில் பூண்டு, இஞ்சி, கேரட், பீன்ஸ், கடைசியில் குடைமிளகாய், கோஸ். கறி ஒரு பங்கு என்றால் காய் இரண்டு பங்கு. கறியைத் திரும்பப் போட்டு, மொத்தத்துக்கும் ஒரே மேசைக்கரண்டி சோயா சாஸ், தட்டிய மிளகு, வெங்காயத்தாள். இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். தனி உப்பு வேண்டாம்.

நான்ஸ்டிக் சட்டியை இவ்வளவு தீயில் வைக்காதீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்; வெறும் சட்டி அந்தச் சூட்டை விரைவில் எட்டிவிடும்.

உப்புக்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்று ஏன் எல்லோரும் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்? தோல் நீக்கிய தொடைக்கறி இந்தத் தீயைத் தாங்கும். முட்டை, மாவு எதுவும் தேவையில்லை.

அடுப்பங்கரை:
வெந்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு நான்கு கிராமுக்கும் குறைவான கொழுப்பு. தொடையில் அதுபோல இரண்டு மடங்குக்கு மேல். இதில் நான் இறங்கி வரமாட்டேன். சாஸை அளந்து ஊற்றுகிறேன். இரும்புச் சட்டியும் வீட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு கரண்டி போதாவிட்டால், உப்புக் குறைத்த சோயா சாஸ் வாங்கிக்கொள்வேன்.

உப்புக்கணக்கு:
அதிலும் ஒரு மேசைக்கரண்டியில் 500, 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். குறைந்தது என்ற பெயரை நம்பி இரண்டு கரண்டி ஊற்றினால் பழைய கணக்கைத் தாண்டிவிடும். இன்னொன்று, சில வகைகளில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, உடலில் பொட்டாசியத்தை ஏற்கெனவே கூட்டக்கூடியவை. புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள் அக்கா. அந்தப் பெயர் இருந்தால் மாமனாரின் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.