ஒட்டுக் கட்டும் பாடத்தை எழுதிப் பொதுவில் போடலாமா?

சந்தூர் கத்தி: சந்தூர் பக்கம் மா ஒட்டுக் கட்டுகிறவர்கள், அதாவது நல்ல மரத்துக் குச்சியை வேர்ச்செடியில் (வேரோடு இருக்கும் நாற்றில்) பொருத்திக் கட்டுகிறவர்கள், வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நாலு வருஷமாக ஒரே கேள்வி: "கட்டின ஒட்டு ஏன் கருகுது?" மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் குரல்பதிவில் பதில் சொல்கிறார். ஏழு நிமிஷம், பின்னால் சேவல் கூவும். அடுத்த மாசம் தேடினால் கிடைக்காது. கேட்டு எழுதி ஒரே கோப்பாகப் போடட்டுமா என்றேன். குழுவில் ஒரே சண்டை. இங்கே என்ன சொல்கிறீர்கள்?

போச்சம்பள்ளி நர்சரி: போடாதே தம்பி. எங்கள் பிழைப்பே அந்தக் கைப்பக்குவம்தான்.

சந்தூர் கத்தி: மென்தண்டு ஒட்டு, அதாவது இளந்தண்டில் கட்டுகிற இந்த முறை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது அண்ணா. பக்கத்துப் பையூரில் வேளாண் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இதில் என்ன ரகசியம்?

ஓசூர் ஷிப்ட்: எங்கள் கம்பெனியில் ஒரு மெஷினின் செட்டிங் ஒருத்தர் தலையில் மட்டும்தான் இருந்தது. அவர் லீவு போட்டால் லைன் நிற்கும். எழுதச் சொன்னோம், நாற்பது பக்கம் எழுதினார். யாரும் படிக்கவில்லை. இன்றைக்கும் அவருக்குத்தான் போன் போகிறது.

அரூர் தோப்பு: எழுதாததால் நான் பட்டது தெரியுமா? போன தை மாசம் மாம்பூவுக்கு அடிக்கும் மருந்துக்கு "பத்து லிட்டர் தண்ணிக்கு" என்று யாரோ சொன்ன அளவு, நாலு குழு தாண்டி என்னிடம் வரும்போது "ஒரு லிட்டருக்கு" ஆகியிருந்தது. அடித்தேன். பூங்கொத்து கருகிக் கொட்டியது. பல கை மாறின செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸப் கட்டுப்பாடு போட்டது. வேகம் குறையலாம், தப்பு திருந்துமா? முதலில் சொன்னவர் யார் என்றே தெரியவில்லை, யாரைக் கேட்பது?

போச்சம்பள்ளி நர்சரி: அளவை எழுதலாம். வெட்டை எப்படி எழுதுவாய்? குச்சி அடியை ஆப்பு மாதிரி ஒரே இழுப்பில் சீவணும். மறுபடி இழுத்தால் மேடு பள்ளம் விழும், வேர்ச்செடியோடு ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

சந்தூர் கத்தி: சரி, வெட்டை விடுங்கள். குச்சி எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலையை நறுக்கிக் காம்பை மட்டும் விட்டு வைக்கணும் என்கிறாரே எங்கள் மூத்தவர், அதை எழுதலாம்தானே? கருகுது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டிருக்கிறார்கள்.

போச்சம்பள்ளி நர்சரி: அதை எழுது. அவர் பேரையும் போடு. அவரிடம் கேட்டாயா?

சந்தூர் கத்தி: இன்னும் இல்லை.

போச்சம்பள்ளி நர்சரி: அப்புறம் எங்களை எதுக்குக் கேட்கிறாய்? காலையில் ஏழு மணிக்குப் போ. பால் கறந்து முடித்திருப்பார்.