மோட்டார் மாற்றியதும் கீச்சுச் சத்தம், கிரிப் கொதிக்கிறது: மோட்டார் உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

சுடுபொறி:
எம்4 ஏர்சாஃப்ட் துப்பாக்கி (பிளாஸ்டிக் குண்டு சுடும், பேட்டரியில் ஓடும் விளையாட்டுத் துப்பாக்கி), வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி. பழைய மோட்டாரைக் கழற்றி நியோடைமியம் காந்தம் உள்ள லாங் டைப் (நீளத் தண்டு) மோட்டார் போட்டேன். ட்ரிகரை இழுத்தால் விசில் மாதிரிக் கீச்சுச் சத்தம். இருபது முப்பது குண்டுக்குள் கிரிப் கையில் பிடிக்க முடியாத சூடு. மோட்டார் உயரத்தை வைக்கும் கிரிப் அடித்தட்டு ஸ்க்ரூவை நான் தொடவே இல்லை.

பெவல்பித்தன்:
தொடாததுதான் கோளாறு. ஸ்க்ரூ பழைய மோட்டாரின் உயரத்துக்கு வைத்தது. புதியது கொஞ்சம் மேலே ஏறி, பினியன் (தண்டு நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம்), தான் சுழற்றும் பெவல் கியருக்குள் (கியர்பாக்ஸின் முதல் சக்கரம்) நெருக்கமாக அழுந்துகிறது. கீச்சு என்றால் இறுக்கம், கரகரவென்று அரைத்தால் தளர்வு. தளர்வுதான் ஆபத்து, பல் நுனி மட்டும் உரசிச் சீக்கிரமே மழுங்கிவிடும்.

மேகசினைக் கழற்றி, பேரலில் குண்டு இல்லையென்று பார்த்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிரிப் அடியில் உள்ள ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்துங்கள். பேட்டரி மாட்டி செமியில் (ஒரு இழுப்புக்கு ஒரே சுடல்) இரண்டு மூன்று முறை மட்டும் இழுத்துக் கேளுங்கள். கீச்சு போகும்வரை இப்படியே. கரகர தொடங்கினால் அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாக உள்ளே முடுக்குங்கள். சத்தம் மிகச் சீராக இருக்கும் இடம் கிடைத்ததும், நீலநிற த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, இல்லாவிட்டால் நகப்பூச்சு. பூசாவிட்டால் அதிர்வில் ஸ்க்ரூ தானாகவே கழன்றுவரும்.

ஸ்க்ரூவுக்கும் மோட்டார் அடிக்கும் நடுவே ஒரு சின்ன உலோக வட்டு இருக்கும். மோட்டார் மாற்றும்போது பலர் தொலைப்பது அதைத்தான். இல்லாவிட்டால் ஸ்க்ரூ முனை நேரே மோட்டார் அடியைக் குத்தும்.

சுடுபொறி:
வட்டு இருக்கிறது. முக்கால் சுற்று தளர்த்தினேன், கீச்சு போய்விட்டது. சூடும் குறைந்தது. ஆனால் இன்னும் லேசாக அரைக்கிறது. முடுக்கினால் திரும்பக் கீச்சு. நடுவில் நல்ல இடமே இல்லை.

ஷிம்தாசன்:
அப்படியென்றால் ஸ்க்ரூவோடு முட்டிப் பயனில்லை. கியர்பாக்ஸைத் திறந்து பெவல் கியரின் ஷிம்மை (கியரின் உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய வாஷர்) பாருங்கள். பினியனுக்கு ஏற்ற உயரத்தில் முதலில் பெவலை உட்கார்த்தி, பிறகு அடுத்த கியர்களான ஸ்பர், செக்டார் என்று வர வேண்டும். பினியன் பல்லையும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கார்பன்மணி:
ஒயரையும் சரிபாருங்கள், சிவப்பு பாசிட்டிவ் முனையில்தானே? மாறியிருந்தால் பின்னோட்டத்தைத் தடுக்கும் கொக்கி பெவலைப் பிடித்து நிறுத்திவிடும், மோட்டார் சுழலாமல் கரண்ட் மட்டும் இழுத்து எரிந்துபோகும். உங்களுடையது சுழல்வதால் அது இல்லை.

இப்படிச் சூடான மோட்டாரின் பிரஷ்ஷையும் (உள்ளே கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) ஒருமுறை பாருங்கள். ஸ்பிரிங் வாலைச் சின்னக் கொக்கியால் தூக்கினால் பிரஷ் வெளியே வரும். வந்த திசையிலேயே திரும்பப் போட வேண்டும், அதன் வளைவு கம்யூட்டேட்டரோடு (பிரஷ் உரசும், தண்டில் உள்ள செப்பு உருளை) பொருந்தியிருக்கும். கம்யூட்டேட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இடுக்குகளில் அடைந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் பேட்டரி. எண்ணெய், தண்டைத் தாங்கும் இரண்டு முனை புஷ்ஷுக்கும் தலா ஒரு சொட்டு போதும். கம்யூட்டேட்டரில் பட்டால் கரியோடு சேர்ந்து குழம்பாகி, தீப்பொறிதான் மிச்சம்.